கேள்வி–பதில்: ஊசி போட்டும் பன்றிகள் இருமுவது ஏன்?

கேள்வி: மூன்றாவது வாரத்தில் குட்டிகளுக்கு மைக்கோபிளாஸ்மா தடுப்பூசி போட்டேன். நான்கு மாதமான பிறகும் வறட்டு இருமல் இருக்கிறது. செலவு வீண்தானா?

பதில்: வீண் இல்லை. மைக்கோபிளாஸ்மா ஹயோநிமோனியே என்ற பாக்டீரியா மூச்சுக்குழாயின் உட்புற நுண்மயிர்களில் ஒட்டி, அவற்றை அழிக்கிறது. சளியை மேலே தள்ள ஆளில்லாமல் போவதால் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்குகின்றன. தடுப்பூசி இந்தச் சேதத்தைக் குறைக்கும். ஆனால் கிருமி ஒட்டுவதை முழுதாகத் தடுக்காது; பரவுவதையும் ஓரளவே குறைக்கும். அதனால் ஊசி போட்ட கொட்டகையிலும் இருமல் கேட்கத்தான் செய்யும்.

இருமலை வைத்து ஊசியை எடை போடாதீர்கள். வெட்டுமிடத்தில் நுரையீரலைப் பாருங்கள். முன் மடல், நடு மடல்களின் கீழ்ப்பகுதியில் ஊதா அல்லது சாம்பல் நிறத்தில் கெட்டிப்பட்ட திட்டுகள் இருக்கும். ஒரு தொகுதிக்கு 30 நுரையீரலாவது பார்த்து, திட்டு உள்ளவை எத்தனை, எவ்வளவு பரப்பு என்று குறித்து, அடுத்த தொகுதியோடு ஒப்பிடுங்கள்.

திட்டுகள் குறையவே இல்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது காலத்தை. பால் குடிக்கும்போதே தாயிடமிருந்து கிருமி தொற்றியிருந்தால் ஊசி பிந்திவிட்டது என்று பொருள். முதல் ஈற்றுத் தாய்களின் குட்டிகளில் இது அதிகம். தாயிடமிருந்து பிரிக்கும் நாளிலேயே ஊசியும் போடுவதைவிட, சில நாள் முன்பே போடுவது நல்லது. அடுத்தது மருந்துப் புட்டி. 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் கொட்டிவிடுங்கள். குலுக்காமல் எடுத்தால் மருந்து சமமாகக் கலந்திருக்காது. எல்லாக் குட்டிக்கும் ஒரே அளவு போய்ச் சேராது. கொட்டகையில் அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கிறது என்றால் எந்த ஊசியும் முழுப் பலன் தராது. பெரிய பன்றிகளோடு சிறியவற்றைக் கலக்கவும் கூடாது.

இருமலுக்குப் பென்சிலின் போடுபவர்கள் கவனிக்க: மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது. செல்சுவரைத் தாக்கும் அந்த மருந்து இதை ஒன்றும் செய்யாது.

கேள்வி: மாட்டுக்குப் போடும் தொண்டை அடைப்பான் ஊசி பன்றி இருமலுக்கு உதவுமா?

பதில்: உதவாது. பன்றிக்கும் தொண்டை அடைப்பான் வருவதுண்டு. அந்த ஊசி அதற்கு மட்டுமே. அதிலிருப்பது பாஸ்டுரெல்லா மல்டோசிடாவின் பி வகை. பன்றியின் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் ஏ வகை. பன்றிக்காய்ச்சல் தடுப்பூசியும் இதற்கு உதவாது; அது வைரஸுக்கானது.

கேள்வி: நன்றாக இருந்த பன்றி, மூக்கில் இரத்த நுரையுடன் திடீரெனச் செத்துக் கிடந்தது. மைக்கோபிளாஸ்மா ஊசி போட்டிருந்தோமே?

பதில்: ஆக்டினோபேசில்லஸ் புளூரோநிமோனியே என்ற வேறு கிருமியாக இருக்கலாம். அதற்கு மைக்கோபிளாஸ்மா ஊசி காவல் இல்லை. இந்தக் கிருமியில் பல உள்வகைகள் உண்டு. கொல்லப்பட்ட கிருமியைக் கொண்டு செய்த ஊசி, அதிலுள்ள வகைகளுக்கே நன்றாக வேலை செய்யும். கிருமியின் நச்சுப் புரதங்களைக் கொண்ட ஊசிக்கு வீச்சு அதிகம். ஆகவே இறந்த பன்றியின் நுரையீரலை உடனே குளிர்வித்து ஆய்வகத்துக்கு அனுப்பி, வகையைத் தெரிந்துகொண்டு ஊசி வாங்குங்கள். நோயுற்றவை தீனியும் தண்ணீரும் தொடாது. தீனியில் கலக்கும் மருந்து உள்ளே போகாது. கால்நடை மருத்துவரிடம் காட்டி அன்றைக்கே ஊசி வழியாகக் கொடுக்க வேண்டும். பிழைத்தவை தொண்டைச் சதையில் கிருமியைச் சுமந்தபடியே இருக்கும். அவற்றை இனப்பெருக்கத்துக்கு நிறுத்தாதீர்கள்.