வைரஸால் முகம் ஒரு பக்கம் கோணிப் போகுமா? திரும்பச் சரியாகுமா?

போகும். பெரும்பாலும் சரியாகியும் விடும். உங்கள் கணவருக்கு நேற்றிலிருந்து வாய் இழுத்துக்கொண்டு நிற்கிறது, வைரஸாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை நம்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்லியிருப்பார்கள், அதனால்தான் இரவு இரண்டு மணிக்கு இங்கே வந்து கேட்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை. களுவாஞ்சிகுடியில் பிள்ளைகளுக்குக் கணக்கு ரியூசன் சொல்லிக் கொடுக்கிறவள். ஆனால் இதே முகத்தோடு மூன்று மாதம் இருந்தவள்.

2017 ஆவணி. தங்கச்சியின் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் இடது பக்கத்தால் ஒழுகுகிறது. தேநீர் ஒரு பக்க நாக்கில் சப்பென்றிருந்தது. பிட்டு கன்னத்துக்குள் ஒதுங்கிக்கொள்ள, விரல் விட்டு எடுத்தேன். முதல் நாளே காதுக்குப் பின்னால் குத்து இருந்தது, கல்யாண அலைச்சல் என்று விட்டுவிட்டேன்.

"காத்து அடிச்சிட்டுது புள்ள" என்றார் அம்மா. மாமிக்கு அது போதவில்லை, செய்வினை என்றார். குருமண்வெளியில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, வாவியைக் கடந்து மண்டூர்ப் பக்கம் ஒரு பரிசாரியாரிடம் போனோம். நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். சின்ன வயதில் என் கை முறிந்தபோது கட்டியது அவர்தான், இன்றைக்கும் நேராகத்தான் இருக்கிறது. "இது என்ட வேலை இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்று சொன்னவரும் அவர்தான். அதைக் கேட்காமல் மாமி இன்னோர் இடத்தில் நூல் கட்ட வைத்தார். அதில் ஒரு நாள் போனது.

மூன்றாம் நாள் விடியத்தான் ஆஸ்பத்திரி. டாக்டர் முதலில் புருவத்தை உயர்த்தச் சொன்னார். இடது நெற்றி அயன் பண்ணிய துணி மாதிரி அப்படியே கிடந்தது. "நல்லது" என்றார். எனக்குக் கோபம் வந்தது, இதில் என்ன நல்லது? அப்புறம்தான் விளக்கினார். மூளையில் அடைப்பு வந்து வாய் கோணினால் நெற்றி பெரும்பாலும் சுருங்கும், ஏனென்றால் அதற்கு மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கட்டளை வருகிறது. முக நரம்பே கெட்டால்தான் நெற்றியும் சேர்ந்து படுத்துவிடும். (இதை வைத்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். கை கால் சோர்ந்தாலோ பேச்சுக் குழறினாலோ உடனே ஆஸ்பத்திரிதான்.)

அடுத்து, உதட்டோரம் கொப்பளம் போடுவதுண்டா என்று கேட்டார். எனக்கு அடிக்கடி போடும். அந்தக் கொப்பளத்தைப் போடுகிற ஹெர்பீஸ் வைரஸ் நரம்புக்குள் வருடக்கணக்காகத் தூங்கும், ஒரு நாள் விழிக்கும். முகத்துக்குப் போகும் ஏழாம் நரம்பு காதுக்கருகே எலும்புக்குள் ஒரு ஒடுங்கிய குழாய் வழியாக வருகிறது. அதற்குள் வீங்கினால் விரிய இடமில்லை, தன்னையே நசுக்கிக்கொள்ளும். இதுதான் காரணம் என்று ஒவ்வொருவருக்கும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அதிகம் சந்தேகப்படுவது அதைத்தான். பெல்ஸ் பால்சி என்று பெயர். 1821இல் இந்த நரம்பைப் பற்றி எழுதிய சார்ள்ஸ் பெல் என்ற ஸ்கொட்லாந்து வைத்தியரின் பெயர்.

பிரெட்னிசொலோன் தந்தார்கள், வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டீரொயிட் குளிசை. 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். நான் மயிரிழையில் தப்பினேன். ஸ்டீரொயிட் என்றதும் மாமி அழுதார். உங்கள் கணவருக்குச் சீனி வருத்தம் இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், அந்தக் குளிசை சீனியை ஏற்றும். முகத்தைவிடக் கண்தான் முக்கியம். மூடாத கண் காய்ந்து புண்ணாகும். பகலில் செயற்கைக் கண்ணீர்த் துளி, இரவில் மருந்து பூசி இமையை டேப்பால் ஒட்டிவிடுவார் அம்மா.

மூன்றாம் கிழமை எட்டாம் ஆண்டுப் பெடியன் ஒருவன், "டீச்சர், இண்டைக்கு நீங்க சிரிச்ச மாதிரி இருக்கு" என்றான். நான் திட்டிக்கொண்டிருந்தேன்! மூன்று மாதத்தில் கிட்டத்தட்ட முழுக்க வந்தது. இப்போதும் சிரித்தால் இடது கண் கொஞ்சம் சுருங்கும், எனக்கு மட்டும்தான் தெரியும்.

கல்யாணத்தில் எல்லாப் படத்துக்கும் வலது பக்கம் காட்டித்தான் நின்றேன்.

சரி, உங்கள் விசயம். இப்போதே டோர்ச் அடித்து அவர் காதுக்குள்ளும் காதைச் சுற்றியும் பாருங்கள். சின்னக் கொப்பளங்கள் இருந்து வலியும் கடுமையாக இருந்தால் அது வேறு, கொப்பளிப்பான் (சின்னம்மை) வைரஸ் திரும்ப எழும்பியிருக்கலாம். அது இதைவிடப் பொல்லாதது, வைரஸ் மருந்தும் சேர்த்துக் கொடுப்பார்கள். கண்டால் நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.