சுவாரெஸின் கையும் ஷூமாக்கரின் இடுப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2010 கால்பந்து உலகக்கோப்பையின் கானா – உருகுவே காலிறுதியை அண்மையில் யூடியூபில் மறுபடி பார்த்தேன். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடம். கானாவின் அடியியா தலையால் முட்டிய பந்தைக் கோல் கோட்டில் நின்றுகொண்டு உருகுவேயின் சுவாரெஸ் கையால் தள்ளிவிடுகிறார். சிவப்பு அட்டை, பெனால்ட்டி. கானாவின் கியான் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு மேலே போகிறது. வெளியேறிக்கொண்டிருந்த சுவாரெஸ் துள்ளிக் குதிக்கிறார். கடைசியில் உருகுவே அரையிறுதிக்குப் போய்விட்டது. திருடிய பொருள் திருடன் கையிலேயே இருக்கும்போது அவனுக்குத் தண்டனை கொடுத்து என்ன பயன்? இப்படிப்பட்ட தருணத்தில் நேராகக் கோல் கொடுத்துவிட வேண்டாமா? சுவாரெஸ் மாதிரி ஆட்களுக்கு ஆயுள் தடை விதித்தால்தான் ஆட்டம் சுத்தமாகும் என்பது என் எண்ணம். இரண்டு மஞ்சள் அட்டைக்காக ஒருவர் இறுதிப்போட்டியையே இழப்பது நியாயமா என்பதையும் சொல்லுங்கள்.

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அது தப்பான ஆள்மேல் பாய்கிறது என்று நினைக்கிறேன்.

சுவாரெஸ் அன்று செய்தது விதிமீறல். அதை அவர் ஒளித்துச் செய்யவில்லை, நடுவர் கண்ணிலிருந்து தப்பவும் இல்லை. விதிப்புத்தகத்தில் இதற்கு என்னென்ன எழுதியிருக்கிறதோ அத்தனையும் நடந்தது: ஆளை வெளியேற்றினார்கள், பெனால்ட்டி கொடுத்தார்கள், அடுத்த ஆட்டத்துக்குத் தடையும் வந்தது. பந்து பன்னிரண்டு கெஜ தூரத்தில், எதிரே கோல்கீப்பர் மட்டும். அடிக்க வந்த கியான் அதே தொடரில் செர்பியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் எதிராகப் பெனால்ட்டியில் கோல் போட்டவர். அவர் அடித்தது கம்பத்தில் பட்டதற்குச் சுவாரெஸ் பொறுப்பல்ல. அதன் பிறகு, சமநிலையை முடிக்க நடந்த பெனால்ட்டி ஷூட்-அவுட்டில் முதல் ஆளாக வந்து அதே கியான் கோல் போட்டார். மென்சாவின் உதையும் அடியியாவின் உதையும்தான் தடுக்கப்பட்டன. கொடுமைதான். ஆனால் அதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நேராகக் கோல் கொடுக்கலாமே என்கிறீர்கள். ரக்பியில் அப்படி ஒரு வழி உண்டு. முறைகேடு இல்லாவிட்டால் புள்ளி கிடைத்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்று நடுவர் கருதினால் அதைக் கொடுத்தேவிடுவார். கால்பந்திலோ நடுவர் இப்போது 'தெளிவான கோல் வாய்ப்பா' என்று மட்டும்தான் பார்க்கிறார். அதிலேயே எவ்வளவு தகராறு! 'நிச்சயமான கோலா' என்றும் கேட்க ஆரம்பித்தால், பின்னால் இன்னொருவர் நின்றாரா, பந்து கம்பத்தில் பட்டிருக்குமா என்று ஒவ்வொரு நெரிசலும் வழக்காகிவிடும். கோட்டின் மேலேயே நின்று, வேண்டுமென்றே கையால் தடுத்தால் மட்டும் என்று குறுக்கினால், சரி, நானும் உங்கள் பக்கம்தான்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. 1982 உலகக்கோப்பை, ஸ்பெயினின் செவில்லா, மேற்கு ஜெர்மனி – பிரான்ஸ் அரையிறுதி. மாற்று ஆட்டக்காரராக வந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, பிரான்ஸின் பட்டிஸ்டோன் தனியாக ஓடிப்போய்ப் பந்தை உதைக்கிறார். பந்து கோலுக்கு வெளியே போகிறது. ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாக்கர் பந்தைப் பற்றிக் கவலையே படவில்லை. எகிறி, உடம்பைத் திருப்பி, இடுப்பால் பட்டிஸ்டோனின் முகத்தில் மோதுகிறார். பட்டிஸ்டோன் நினைவிழந்து விழுந்தார். பற்கள் உடைந்தன, முதுகெலும்பிலும் அடி. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போது பிரான்ஸ் அணித்தலைவர் பிளாட்டினி கூடவே நடந்து போகிறார். நடுவர் சார்ல்ஸ் கோர்வர் என்ன கொடுத்தார் தெரியுமா? கோல் கிக், அதாவது பந்து ஜெர்மனிக்கே. அட்டையை விடுங்கள், ஃபவுல்கூட இல்லை.

இதில் இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அப்போது ஓர் அணிக்கு இரண்டு மாற்று ஆட்டக்காரர்கள்தான் அனுமதி. மாற்றாக வந்தவரையே மாற்ற வேண்டி வந்ததால் பிரான்ஸுக்கு இரண்டும் அறுபதாவது நிமிடத்துக்குள் தீர்ந்துபோயின. கூடுதல் நேரம் முழுக்கக் களைத்த கால்களோடுதான் ஓடினார்கள். 3–1 என்று முன்னிலை பெற்று, 3–3 ஆகி, ஷூட்-அவுட்டில் தோற்றார்கள். அதில் இரண்டு உதைகளைத் தடுத்தவர் அதே ஷூமாக்கர். அடித்தவன் ஜெயித்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

2010 இறுதிப்போட்டியில் நெதர்லாந்தின் டி யோங் காலைத் தூக்கி ஸ்பெயினின் அலோன்சோவின் நெஞ்சில் உதைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். மஞ்சள் அட்டையோடு போயிற்று. தன் பார்வை மறைக்கப்பட்டிருந்தது, அது சிவப்புதான் என்று நடுவர் ஹோவர்ட் வெப் பிற்பாடு ஒப்புக்கொண்டார். 2018இல் உலகக்கோப்பைக்கு வீடியோ நடுவர் முறை வந்தபின் இந்த மாதிரித் தவறு குறைந்திருக்கிறது. ஆஃப்சைடுக்குக் கோடு கிழித்து நேரத்தை வீணாக்குகிறார்கள் என்று அதைத் திட்டுகிறவர்களில் நானும் ஒருவன்தான். இந்த ஒன்றுக்காகப் பொறுத்துக்கொள்கிறேன்.

அப்புறம், ஆட்டம் முடிந்தபின் விதிக்கும் தடை. இங்கேதான் உங்கள் கேள்விக்கு உண்மையான இடம் இருக்கிறது. 2014 உலகக்கோப்பையில் சுவாரெஸ் இத்தாலியின் கியெல்லினியின் தோளைக் கடித்தார். நடுவர் பார்க்கவில்லை. இரண்டு நிமிடத்தில் உருகுவே கோல் போட்டது, இத்தாலி தொடரிலிருந்தே வெளியேறியது. அப்புறம் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா ஒன்பது சர்வதேச ஆட்டங்களுக்கும், எல்லாக் கால்பந்து நடவடிக்கைகளிலிருந்தும் நான்கு மாதங்களுக்கும் தடை விதித்தது. கடுமையான தண்டனைதான், தகும். ஆனால் இத்தாலிக்கு அதில் என்ன கிடைத்தது? கொலம்பியாவுக்குத்தான் லாபம்: அடுத்த சுற்றில் சுவாரெஸ் இல்லாத உருகுவேயை 2–0 என்று வென்றார்கள். 2010லும் இப்படித்தான். சுவாரெஸ் இல்லாத அரையிறுதியின் பலன் நெதர்லாந்துக்குப் போனது, கானாவுக்கு இல்லை. பாதிக்கப்பட்டவனுக்கு எதுவும் திரும்பி வராது. தடையை ஆயுளுக்கு நீட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதே 2014இல் கொலம்பியாவின் சூனிகா, பிரேசிலின் நெய்மாரின் முதுகில் முட்டியால் மோதி முள்ளெலும்பை உடைத்தார். அட்டை இல்லை. பிறகும் நடவடிக்கை இல்லை. ஏனென்றால் அது நடுவர் குழுவின் கவனத்துக்குத் தப்பிய சம்பவம் அல்ல, அதனால் கை வைக்க முடியாது என்று ஃபிஃபா சொல்லிவிட்டது. யாரும் பார்க்காத கடிக்கு ஒன்பது ஆட்டம், எல்லாரும் பார்த்த முட்டிக்கு ஒன்றுமில்லை. ஆயுள் தடை கேட்பதைவிட, இந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள் என்று கேட்பது உபயோகம்.

விதித்த தடையும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 1962 உலகக்கோப்பை அரையிறுதியில் வெளியேற்றப்பட்ட பிரேசிலின் கரிஞ்சா இறுதிப்போட்டியில் ஆடினார், பிரேசில் கோப்பையை வென்றது. அந்தக் காலம் அப்படி என்று விட்டுவிடலாம் என்றால், 2025 நவம்பரில் டப்ளினில் அயர்லாந்து வீரரை முழங்கையால் இடித்து வெளியேறிய போர்ச்சுகலின் ரொனால்டோவுக்கு மூன்று ஆட்டத் தடை விதித்துவிட்டு, அதில் இரண்டை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தார்கள். 2026 உலகக்கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே அவர் ஆட வழி பிறந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட சர்வதேச ஆட்டங்களில் அதுதான் அவருடைய முதல் சிவப்பு அட்டை என்பது உண்மை. ஆனால் டிக்கெட் விற்காத ஒரு நாட்டின் தடுப்பாட்டக்காரருக்கு இந்தச் சலுகை கிடைக்குமா? எனக்கு நம்பிக்கையில்லை. நீங்கள் கோபப்பட வேண்டிய இடம் இதுதான்.

மஞ்சள் அட்டைக் கேள்விக்கு நல்ல செய்தி. 2002 அரையிறுதியில் தென்கொரியாவின் எதிர்த்தாக்குதலைத் தடுக்க ஜெர்மனியின் பாலாக் ஃபவுல் செய்தார். முந்தைய ஆட்டத்து மஞ்சளோடு இன்னொரு மஞ்சள் அட்டை, இறுதிப்போட்டி போயிற்று. தெரிந்தும் ஆடி, நான்கு நிமிடத்தில் வெற்றி கோலைப் போட்டார். 2010 முதல் காலிறுதியோடு தனி மஞ்சள் அட்டைகளை அழித்துவிடுகிறார்கள். அரையிறுதியில் ஒரு மஞ்சள் வாங்கினாலும் இறுதிப்போட்டி போகாது. சிவப்புக்கு மட்டும் விலக்கு இல்லை. 1998இல் பிரான்ஸின் லோரான் பிளாங் அரையிறுதியில் குரோஷியாவின் பிலிச்சைத் தள்ளியபோது, பிலிச் நெற்றியைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்; பிளாங்குக்குச் சிவப்பு அட்டை. பிளாங் இறுதிப்போட்டியை வெளியிலிருந்துதான் பார்த்தார். அந்தச் சிவப்பை இன்று வீடியோ பார்த்துத் திருப்பி வாங்கியிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.