இரண்டரை மாதப் பிள்ளைக்கு மூக்கடைப்பும் இருமலும்: என்ன செய்யலாம்?

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "மகனுக்கு இரண்டரை மாதம். மழை தொடங்கினதிலிருந்து மூக்கடைப்பு, இருமல். காய்ச்சல் இல்லை. பால் குடிக்கத் தொடங்கி இடையில் விட்டுவிட்டு அழுகிறான். பாமசியில் ஒரு பாணி தந்தார்கள், போத்தலில் பெயர் ஒன்றும் இல்லை. மாமி மூக்கில் நல்லெண்ணெய் விடச் சொல்லுறா. எதைச் செய்வது? குளிக்க வார்க்கலாமா?"

முதலில் அந்தப் போத்தலை எடுத்து ஒரு பக்கம் வையுங்கள் மகள். ஒரு துளியும் கொடுக்க வேண்டாம். ஏனென்று பிறகு சொல்கிறேன், மூக்கைப் பார்ப்போம்.

இந்த வயதுப் பிள்ளை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். நமக்குத் தடிமன் பிடித்தால் வாயைத் திறந்து சமாளிக்கிறோம். வாய் நிறைய முலை இருக்கும்போது மூக்கும் அடைத்துக்கொண்டால் பிள்ளை என்ன செய்யும்? இரண்டு மடக்குக் குடிக்கும், மூச்சு முட்டும், விட்டுவிட்டு அழும். உங்களுக்குப் பால் போதாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், மாப்பால் வாங்க ஓடவும் வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி தாய்ப்பாலே கொடுங்கள்.

மூக்குக்குத் தேவை உப்புநீர்த் துளி. பாமசியில் "சோடியம் குளோரைட் 0.9 சதவீதம், மூக்குக்கு விடுவது" என்று கேளுங்கள். சேலைன் ட்ரொப்ஸ் என்றாலும் விளங்கும். பால் கொடுக்க 10, 15 நிமிடம் முன்பு பிள்ளையை மல்லாக்காகப் படுக்க வைத்து, ஒவ்வொரு துவாரத்திலும் 1 அல்லது 2 துளி விடுங்கள். தும்மினால் நல்லது. வெளியே வரும் சளியை மெல்லிய துணியால் துடையுங்கள், பஞ்சுக் குச்சியை உள்ளே விட வேண்டாம். சளியை உறிஞ்சும் ரப்பர் பம்ப் இருந்தால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். கூட உறிஞ்சினால் மூக்கின் உள்தோல் வீங்கி அடைப்பு இன்னும் மோசமாகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மூக்குத்துளி என்று மட்டும் கேட்டால், ஏறக்குறைய அதே மாதிரிச் சின்னப் போத்தலில் சைலோமெட்டசோலின் கலந்த மருந்தையும் எடுத்து நீட்டுவார்கள். அது பெரியவர்களின் அடைப்பைத் திறக்கும் மருந்து. கைக்குழந்தைக்கு விட்டால் உடம்பு சோர்ந்து, இதயத் துடிப்பே குறைந்து போகலாம். ஆகவே காசு கொடுக்கும் முன் எழுத்தை வாசியுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் கடைக்காரரை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம். தமிழ் பேசும் ஊர்களில் விற்கும் மருந்தில் தாய்க்கு விளங்கும் ஒரு வரி இல்லாதிருப்பது உங்கள் பிழை அல்ல.

சரி, அந்தப் போத்தல். இருமல் பாணி இந்த வயதில் இருமலைக் குறைப்பதில்லை. பலவற்றில் தூக்கம் வரவைக்கும் மருந்து இருக்கும். பிள்ளை தூங்கிவிடும், வீட்டார் குணம் என்று நினைப்பார்கள். உண்மையில் பால் குடிப்பது குறையும், மூச்சும் மந்தமாகலாம். ஒருமுறை என்னிடம் கொண்டுவந்த பிள்ளை பாலுக்கே கண் திறக்கவில்லை. தகப்பன் கையில் பெயர் எழுதாத ஒரு போத்தல். உள்ளே என்ன, எவ்வளவு என்று எங்களால் சொல்ல முடியவில்லை. அந்த இரவு முழுக்கப் பக்கத்தில் இருந்து பார்த்தோம், பிள்ளை தப்பியது. பெயரும் சீலும் உள்ளதென்றாலும் நம்பிவிட முடியாது. 2022இல் காம்பியா நாட்டில் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு கலந்த பாணிகளோடு தொடர்புபட்டு, சுமார் 70 பிள்ளைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். அந்த ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விட்டது.

எனக்குக் கோபம் கடைக்காரரில் மட்டும் இல்லை. வெளிநோயாளர் பிரிவில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடமும் கிடைப்பதில்லை. மருந்து வேண்டாம் என்று விளங்கப்படுத்த நேரம் வேண்டும், துண்டில் மருந்து எழுத அரை நிமிடம் போதும். அதனால் எழுதப்படுகிறது. தடிமன் வைரசால் வருவது. அதற்கு அன்டிபயோட்டிக்கும் தேவையில்லை, மூத்த பிள்ளைக்கு வாங்கி மிஞ்சினதைக் கலந்து கொடுக்கவே கூடாது.

மாமியோடு சண்டை வேண்டாம். எண்ணெயை உடம்பில் பூசட்டும். மூக்கில் விட்டால் அது மெல்ல இறங்கி நுரையீரலில் தங்கிவிடும், அதனால் வரும் நிமோனியா லேசில் தீராது. தேன் ஒரு வயது வரை நாக்கில் தொட்டும் வைக்கக் கூடாது. கற்பூரம் கலந்த பாமும், யூக்கலிப்டஸ் எண்ணெயும் வேண்டாம், உடம்பில் அதிகமாகச் சேர்ந்தால் வலிப்புக்கூட வரலாம். ஆவி பிடிப்பதில் நான் கண்டது வெந்த கைகால்களைத்தான். நுளம்புத்திரிக்குப் பதில் வலை கட்டுங்கள், விறகடுப்புப் பக்கம் பிள்ளையைக் கொண்டுபோகாதீர்கள்.

இருமல் மட்டும் இரண்டு மூன்று கிழமை இழுக்கலாம், பயப்பட வேண்டாம். இரண்டாம் மாத ஊசி போட்டாச்சா என்று பிள்ளையின் பதிவேட்டில் பாருங்கள். லேசான தடிமனுக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை, குடும்ப நல மாதுவிடம் கேளுங்கள். குக்கல் இருமலுக்கு எதிரான மருந்து அந்த ஊசியில்தான் இருக்கிறது.

இவ்வளவு நேரம் பொறுங்கள் என்றேன். பொறுக்கக் கூடாத இடம் காய்ச்சல். மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு வெப்பமானியில் 38 பாகை செல்சியஸோ அதற்கு மேலோ வந்தால், பால் குடித்தாலும் சரி, சிரித்து விளையாடினாலும் சரி, அன்றே, அப்போதே ஆஸ்பத்திரி. பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று திரும்பவும் கூடாது. இந்த வயதில் இரத்தத்தில் கிருமி பரவினாலும் வெளியே காய்ச்சல் ஒன்றுதான் தெரியலாம். கை வைத்துப் பார்ப்பதை நம்பாமல் வெப்பமானி ஒன்று வாங்கி வையுங்கள்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும் பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். உங்கள் மகனின் வயதில் 50 அல்லது அதற்கு மேல் என்றால் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கினால், முனகினால், உதடு நீலமானால், மூச்சு இடையில் நின்றால், வழமையாகக் குடிக்கும் பாலில் பாதியும் குடிக்காவிட்டால், ஆறேழு மணித்தியாலம் சிறுநீர் போகாவிட்டால், எழுப்பினாலும் எழும்பாவிட்டால் உடனே கிளம்புங்கள்.

வாவிக்கு மேற்கே, உங்கள் படுவான்கரைப் பக்கம் இருப்பவர்கள் செய்யும் ஒரு பிழை, நல்ல டொக்டர் என்று மட்டக்களப்பில் அவரைத் தனியாகக் காசு கட்டிப் பார்க்கச் சனல் நம்பர் எடுத்துவிட்டுப் பின்னேரம்வரை காத்திருப்பது. நம்பர் எடுத்துத் தருகிறேன் என்று காசு வாங்குபவர்களும் உண்டு. மூச்சு கஷ்டப்படும் பிள்ளைக்கு நம்பர் தேவையில்லை, ஒட்சிசன் தேவைப்படலாம். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வாகனம் கையில் இருந்தால் மண்முனைப் பாலத்தால் நேரே போதனா வைத்தியசாலை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்தப் பெயரில்லாப் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.

குளிக்க வார்க்கலாம். வெயில் ஏறின பிறகு, இளஞ்சூட்டுத் தண்ணீரில், சுருக்கமாக. உடனே துடைத்து உடுப்பைப் போடுங்கள். தலை காய்வதற்குச் சாம்பிராணி பிடிக்க வேண்டாம், துவாய் போதும்.