சின்னத் தொழிலுக்கு நிச் மார்க்கெட்டை எங்கே போய்த் தேடுவது?

யார் என்ன கேட்டாலும் செய்து கொடுக்கிறேன், மூன்று வருடமாகத் தொழில் இருந்த இடத்திலேயே நிற்கிறது, நிச் மார்க்கெட் (தனித் தேவை உள்ள ஒரு சின்ன வாடிக்கையாளர் கூட்டம்) ஒன்றைப் பிடி என்கிறார்கள், எப்படிப் பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் அது ஏற்கனவே உங்களிடம் வந்துவிட்டுப் போயிருக்கும். நீங்கள்தான் "அதெல்லாம் செய்வதில்லை" என்று அனுப்பியிருப்பீர்கள்.

நான் பை தைத்து விற்கிறேன். முதல் நான்கு வருடம் கல்லூரிப் பை, லேப்டாப் பை, பயணப் பை என்று எதைக் கேட்டாலும் தலையாட்டினேன். நான் துணி வாங்கும் விலைக்கு முழுப் பையையே விற்கும் பெரிய ஆட்கள் இருக்கும்போது என்னிடம் ஏன் வாங்க வேண்டும்? எனக்கே பதில் தெரியாது.

வேலை இல்லாத ஒரு நாளில் (அப்படிப்பட்ட நாட்களுக்குக் குறைவில்லை) பழைய ஆர்டர் நோட்டைப் புரட்டினேன். ஒன்றரை வருடத்தில் ஐந்து பேர் வீல்சேரில் மாட்ட ஒரு பை கேட்டிருந்தார்கள். மூன்று பேருக்கு முடியாது என்றிருக்கிறேன். இரண்டு பேருக்குச் சாதாரணப் பையில் வாரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த இருவருக்கும் போன் செய்தேன். ஒருவர் பையைத் தொடுவதே இல்லையாம். நாற்காலிக்குப் பின்னால் மாட்டினால் எடை பின்பக்கம் போய், சாய்தளத்தில் ஏறும்போது முன்சக்கரம் தூக்குகிறது. உட்கார்ந்தபடி பின்னால் எட்டி எதையும் எடுக்கவும் முடியாது. பக்கவாட்டில் மாட்டினாலோ சக்கரத்தில் உரசுகிறது. இன்னொருவருக்கு விரலில் பலம் குறைவு. ஜிப்பின் அந்தச் சின்ன நாக்கைப் பிடிக்க முடியவில்லை. இவ்வளவு வருடம் பை தைத்தவனுக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.

அப்புறம் இருக்கையின் முன்விளிம்புக்கு அடியில் தொங்கும்படி தட்டையாக ஒன்று தைத்தேன், ஜிப்பில் விரல் நுழையும் அளவுக்கு வளையம் போட்டு. முதல் இரண்டு மாதிரிகள் சொதப்பல். மூன்றாவதை வாங்கியவரின் பிசியோதெரபிஸ்ட் பார்த்துவிட்டு மற்றவர்களிடம் சொன்னார். விளம்பரத்துக்கு நான் ஒன்றும் செலவழிக்கவில்லை.

அதனால் ஒரு நிச் தேறுமா என்று பார்க்க, அந்த ஆட்கள் இப்போது என்ன செய்து சமாளிக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். கயிறு கட்டி, ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தால் தேவை நிஜம். அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறவர்களா என்பதும் முக்கியம், இல்லையென்றால் ஒவ்வொருவரையும் நீங்களே தேடிப் போக வேண்டியிருக்கும். திரும்ப வாங்குவார்களா என்று பார்க்காமல் நான் ஒருமுறை சூடுபட்டேன். இசைக்கருவிகளுக்கு உறை தைத்தேன், நன்றாகவே விற்றது. ஆனால் நல்ல உறை பத்து வருடம் உழைக்கும். தெரிந்த வட்டம் முடிந்ததும் ஆர்டரும் நின்றுவிட்டது.

"பெண்களுக்கு", "இளைஞர்களுக்கு" என்று ஆட்களைப் பிரித்தால் மட்டும் நிச் ஆகிவிடாது. ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடதுகைக்காரர். வலதுகைக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால், கை கொடுக்கும் அழுத்தம் இரண்டு அலகுகளையும் விலக்கிவிடும். காகிதம் வெட்டுப்படாமல் மடங்கும். வெட்டும் கோட்டையும் மேல் அலகு மறைத்துவிடும். அதனால் இடதுகைக் கத்தரிக்கோலுக்கு ஆள் உண்டு. இடதுகைத் தண்ணீர் பாட்டிலை யார் வாங்குவார்கள்?

கூட்டம் சின்னதாக இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். 1995-ல் கடை திறந்தபோது அமேசான் புத்தகம் மட்டும்தான் விற்றது. சாகச விளையாட்டுக் கேமராவுக்குப் பேர்போன கோப்ரோவும் அப்படித்தான். 2004-ல் வந்த அதன் முதல் கேமரா, கடலில் அலைச்சறுக்கு ஆடுபவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஃபிலிம் கேமரா.

அதற்காக நாளைக்கே மற்ற வேலைகளை எல்லாம் நிறுத்திவிடாதீர்கள். கடை வாடகை கட்ட எனக்குக் கல்லூரிப் பைகள் இன்னும் ஒரு வருடம் தேவைப்பட்டன. பயணப் பையை முதலில் விட்டேன், பிறகு லேப்டாப் பை, கடைசியாகத்தான் கல்லூரிப் பை. இப்போதும் அதைக் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் இன்னொரு தையல்காரரின் நம்பரைக் கொடுத்துவிடுவேன். வீல்சேர் பை கேட்டு யாராவது வந்தால் அவர் என் நம்பரைக் கொடுக்கிறார்.