ஹாங்சோவில் இலங்கைக்கு ஐந்து பதக்கம்: சந்தோசப்படவா, வெட்கப்படவா?

கேள்வி: ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா 107 பதக்கம் அள்ளியது. இலங்கைக்கு வெறும் 5. இதைக் கொண்டாடுவதா, வெட்கப்படுவதா? எங்கள் கிழக்கு மாகாணத்து ஆட்களை ஏன் அங்கே காணோம்?

வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஐந்தும் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் கொஞ்சம் பயம் வரும். நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் ஒரு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியர். அந்தக் கண்ணால் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

2018இல் ஜகார்த்தாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பினோம். 2014 இன்சியோனில் கிடைத்த இரண்டும் கிரிக்கெட்டில் வந்தவை. 2023இல் ஹாங்சோவில் ஒரு தங்கம், இரண்டு வெள்ளி, இரண்டு வெண்கலம். மெய்வல்லுநரில் (தடகளத்தில்) தங்கம் என்று பார்த்தால், 2002 பூசானில் ஓட்ட வீராங்கனைகள் சுசந்திகாவும் தமயந்தி தர்ஷாவும் எடுத்த பிறகு 21 வருசம் காத்திருந்தோம். அந்தக் கணக்கில் இது நல்ல போட்டிதான். 2019இல் நேபாளத்தில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 40 தங்கத்தோடு 251 பதக்கம் எடுத்தபோது வெடி கொளுத்தாத குறையாகக் கொண்டாடினோம். அந்த 251ஐ விட ஹாங்சோவின் ஐந்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். சீனா, ஜப்பான், பஹ்ரைன், கட்டார் எல்லாம் நிற்கிற கோட்டில் நின்று எடுத்தவை அவை.

தருஷி கருணாரத்னவின் 800 மீற்றரை எடுங்கள். அதே 2023 ஜூலையில் பாங்கொக்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் 2 நிமிடம் 0.66 செக்கனில் ஓடித் தங்கம் எடுத்தவர். ஹாங்சோவில் ஓடிய நேரம் 2:03.20. இரண்டரை செக்கன் மெதுவாக ஓடியும் தங்கம்! பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தத்தான் எனக்கு அதிக நேரம் போகும். இறுதிப் போட்டியில் யாரும் கடிகாரத்தோடு ஓடுவதில்லை. யார் முன்னால் இழுப்பது, யார் பின்னால் ஒளிந்து நிற்பது, கடைசி 200இல் காலில் எவ்வளவு மிச்சம் வைத்திருப்பது, இதுதான் அந்த ஓட்டம். இரண்டாவதாக வந்த இந்தியாவின் ஹர்மிலன் பைன்ஸுக்கும் தருஷிக்கும் 0.55 செக்கன்தான் வித்தியாசம், தரையில் அளந்தால் ஏறக்குறைய மூன்றரை மீற்றர். மூன்றாவது சீனாவின் வாங் சுன்யூ. அவருடைய சொந்த நாட்டில், சொந்தச் சனத்துக்கு முன்னால். தருஷிக்கு அப்போது 18 வயது. அதே நாள் பின்னேரம் திரும்ப வந்து 4×400 அஞ்சலோட்டத்திலும் ஓடி வெண்கலம் வாங்கினார். எங்கள் கல்வி வலயப் போட்டியில் ஒரு பிள்ளைக்கு ஒரே நாளில் இரண்டு இறுதி ஓட்டம் வந்தால், எதை விடுவது என்று நாங்கள் ஆசிரியர்மார் கூடிக் கதைப்போம்.

ஈட்டியில் நதீஷா தில்ஹானி 61.57 மீற்றர் எறிந்து வெள்ளி. மூன்றாம் இடத்தை விட 28 சென்ரிமீற்றர்தான் கூட. பெண்கள் கிரிக்கெட்டில் இறுதிப் போட்டியில் இந்தியாவிடம் 19 ஓட்டத்தால் தோற்று இன்னொரு வெள்ளி. ஆண்கள் 4×400இல் ஒரு வெண்கலம், 3:02.55.

இனிப் பயத்துக்கு வருவோம். ஐந்து பதக்கமும் இரண்டே விளையாட்டில். ஐந்தில் நான்கு பெண்கள் கொண்டு வந்தவை, ஆண்களுக்கு அந்த அஞ்சலோட்ட வெண்கலம் ஒன்றுதான். நீச்சல், பாரம் தூக்கல், குத்துச்சண்டை எதிலும் ஒன்றும் இல்லை. நாட்டில் ஒரு ஒழுங்கு இருந்து அதனால் வந்த பதக்கங்கள் என்றால் இப்படி ஒரு பக்கமாகச் சாயாது. தருஷியின் பின்னால் இருப்பது கண்டி மாவட்டத்து வலல ஏ. ரத்நாயக்க மத்திய கல்லூரி. அங்கே சுசந்த பெர்னாண்டோ என்ற பயிற்றுவிப்பாளர். ஒரு பாடசாலை, ஒரு மனிதர். அவரைப் போல நாடு முழுக்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதில்தான் அடுத்த பதக்கம் இருக்கிறது.

கிழக்குக்கு வருவோம். திறமை இல்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள். இலங்கையின் 4×100 அணியில் ஓடிய அஷ்ரப் அம்பாறை மாவட்டத்துப் பொத்துவில்காரர். நிந்தவூர் கபடிக்குப் பேர் போன ஊர். (ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கம் 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்த எதிர்வீரசிங்கம் எடுத்தது. யாழ்ப்பாணத்துத் தமிழர். இதை எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது, அது என் கவலை.)

பிரச்சினை காலநிலையில் தொடங்குகிறது. கார்த்திகை, மார்கழியில் எங்கள் மைதானம் குளம். தண்ணீர் வற்றி, மாடு மிதித்த பள்ளம் நிரவி, சுண்ணாம்புக் கோடு போட்டு முடிக்க தை பிறந்துவிடும். உடனே பாடசாலைக்குள் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி, பிறகு கோட்டம், வலயம், மாகாணம் என்று மேல்மட்டப் போட்டிகள். உடம்பில் அடித்தளம் போட வேண்டிய மாதங்கள் மழையில் போக, பிள்ளை சில கிழமைப் பயிற்சியோடு வந்து நிற்கும். பிறகு அகில இலங்கைப் போட்டிக்கு ராத்திரி முழுக்கப் பயணம் செய்து கொழும்புப் பக்கத்து சுகததாச மைதானத்துக்கோ தியகம மைதானத்துக்கோ போவோம். புல்லில் வெறுங்காலோடு ஓடிப் பழகிய ஒரு பிள்ளை, இரவல் ஸ்பைக்ஸ் போட்டுக்கொண்டு முதல் தரம் அந்த செயற்கை ஓடுபாதையில் கால் வைத்ததும், "சேர், தரை உந்துது" என்றாள். முதல் 300 பறந்தாள். பிறகு கெண்டைக்கால் இறுகிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. அடுத்த வருசம் தாய் வந்து, "சேர், புள்ளைக்கு இந்த முறை ஓ.எல்., ரியூசன் இருக்கு, இனி ஓட்டம் வேணாம்" என்பார். (ஓ.எல். என்றால் சாதாரண தரப் பரீட்சை.) அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஓடி என்ன கிடைக்கும் என்று கேட்டால் என்னிடம் உறுதியான பதில் இல்லையே. தருஷி ஆசியாவை வென்ற வயது 18 என்றால், எங்கள் பெண் பிள்ளைகள் ஓட்டத்தை விடுகிற வயது 15, 16.

ஆனால் மட்டக்களப்புக்கு இதற்கு மருந்து தெரியாமல் இல்லை. எங்கள் ஊரில் கூடைப்பந்து ஏன் இவ்வளவு ஊறிப் போயிருக்கிறது? அமெரிக்காவிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார், பாதர் வெபரும் பாதர் ஹேபியரும், பந்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாமல் பல பத்து வருசங்கள் இங்கேயே கிடந்தார்கள். பாதர் ஹேபியர் 1990இல் வாழைச்சேனையிலிருந்து வரும் வழியில் காணாமல் போனார். பாதர் வெபரின் பெயரில் மைதானமே இருக்கிறது. அவர்களிடம் பழகியவர்கள் பிள்ளைகளுக்குப் பழக்கினார்கள். வலலவில் நடப்பதும் இதேதான், விளையாட்டு மட்டும் வேறு.

அதனால் கிழக்குக்கு என்ன வேண்டும் என்று கேட்டால், செயற்கை ஓடுபாதை என்று எல்லோரும் சொல்வதை நான் முதலில் சொல்ல மாட்டேன். ஓட்டம் தெரிந்த ஒரு பயிற்றுவிப்பாளரை ஒரு பாடசாலையில் போட்டு, பத்து வருசத்துக்கு இடமாற்றம் கொடுக்காமல் விடுங்கள். அடுத்தது, மார்கழியில் தண்ணீர் நிற்காத அளவுக்கு மைதானத்துக்குக் கிறவல் (சரளை மண்) போட்டு உயர்த்துங்கள். ஓடுபாதை மூன்றாவது.