திரும்ப வாங்கிக்கொள்வீர்களா?

அன்புள்ள சார்,

நாய்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படிப்பவள் நான். எங்கள் வீட்டு நாய் 14 வருடம் எங்களோடு இருந்துவிட்டுப் போன வருடம் இறந்துபோனது. இனி ஒன்று வேண்டாம் என்றுதான் இருந்தேன். 9 வயது மகளுக்காக மனதை மாற்றிக்கொண்டேன். அவளுடைய அடுத்த நீண்ட விடுமுறையில் ஒரு நாயைக் கொண்டுவருவதென்று முடிவாகிவிட்டது. எங்கிருந்து என்பதில்தான் சிக்கல்.

கணவருக்கு நல்ல பிரீடரிடமிருந்து ஒரு லேப்ரடார் குட்டி வேண்டும். "குழந்தை இருக்கிற வீடு. குணம் தெரிந்த இனமாக வாங்குவோம். எங்கே எப்படி வளர்ந்ததோ, அதை எப்படி நம்புவது?" என்கிறார். நாத்தனார் ஒரு காப்பகத்தில் உதவி செய்கிறவள். "வீடில்லாமல் அத்தனை நாய்கள் காத்துக்கிடக்கும்போது காசு கொடுத்து வாங்குவது பாவம்" என்று சொல்லிவிட்டாள். மகள் அத்தை கட்சி. என் மாமியாருக்கு 74 வயது, முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். "எதை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், மேலே பாயாததாக இருக்கட்டும்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

காப்பகம் என்றால் எனக்குப் பயமாக இருக்கிறது. பிரீடர் என்றால் தப்புச் செய்கிற மாதிரி இருக்கிறது. எது சரி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

14 வருடம் கூட இருந்த உயிர் போன வீட்டில், கதவு திறக்கிற சத்தத்துக்கு யாரும் ஓடிவராமல் இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை அப்படியே மூடி வைக்காமல் இன்னொன்றுக்குக் கொடுக்க முடிவு செய்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி.

உங்கள் வீட்டில் நாலு பேர் பேசியிருக்கிறார்கள். அதில் உங்கள் மாமியார் ஒருவர்தான் 'எங்கிருந்து' என்று கேட்காமல் 'எப்படிப்பட்டது' என்று கேட்டிருக்கிறார். அவர் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பார்ப்போம்.

முதலில் அந்தப் பாவக் கணக்கு. காப்பகத்தில் உழைக்கிறவர்களுடைய கோபம் எனக்குப் புரியும். தினமும் கைவிடப்பட்ட நாயின் முகத்தைப் பார்க்கிறவருக்கு, எங்கோ ஒரு குட்டி விலைக்குப் போகிறது என்றாலே வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் அந்தக் கூண்டுகளை நிரப்புவது யார் என்று உங்கள் நாத்தனாரிடமே கேளுங்கள். யாரும் திட்டமிடாமல் பிறந்த குட்டிகள், வளர்க்க முடியாமல் விட்டுவிட்டுப் போனவர்களின் நாய்கள், குட்டியைக் கையில் கொடுத்ததும் காணாமல் போகிற வியாபாரிகளிடம் வாங்கியவை. எப்போதோ ஒருமுறை ஓர் ஈற்று எடுத்து, ஒவ்வொரு குட்டியும் எந்த வீட்டில் இருக்கிறது என்று வருடக்கணக்காக விசாரித்துக்கொண்டிருக்கும் பிரீடரின் நாய் அந்தக் கூண்டுக்குப் போவது அரிது. போவதற்கு முன்னால் அவரே வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்.

அதனால் வாங்கியதா, தத்தெடுத்ததா என்பதை நான் பெரிய வித்தியாசமாக நினைப்பதில்லை. நாயைக் கொடுக்கிறவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "இது எங்களுக்கு ஒத்துவராமல் போனால், 6 மாதம் கழித்தோ 6 வருடம் கழித்தோ, திரும்ப வாங்கிக்கொள்வீர்களா?" நல்ல பிரீடர் அதை எழுதியே கொடுப்பார். நல்ல காப்பகமும் அப்படித்தான், அதன் தத்து ஒப்பந்தத்தில் 'வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, எங்களிடமே கொண்டுவர வேண்டும்' என்றே இருக்கும். இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்புகிறவரிடம் எந்த நாயையும் எடுக்காதீர்கள். குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொடுமையானது. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு போட்டோவைப் பார்த்து ஒரு குட்டி வாங்கினேன். விற்றவர் பாதி வழியில் வந்து கொடுத்துவிட்டுப் போனார். தாயைப் பார்க்க வேண்டும் என்றேன். தாய் வேறொரு வீட்டில் இருக்கிறது என்றார். ஊசி போட்டாகிவிட்டது என்றார், சீட்டு இல்லை. நாலாவது நாள் குட்டி சாப்பாட்டிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அன்று இரவே வாந்தியும் ரத்தபேதியும். பார்வோ. அந்த வைரஸ் உடம்புக்குள் போய் நோயாக வெளியே தெரியப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். அப்படியென்றால் அந்தக் குட்டி என் கைக்கு வரும்போதே அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஒன்பதாவது நாள் என் மடியில் செத்துப்போனது. விற்றவருடைய போன் எண் அதற்குள் உபயோகத்தில் இல்லை.

பார்வோ மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். தடுப்பூசி முடியாத குட்டி எதையும் ஒரு வருடத்துக்கு இந்த வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள் என்றார் டாக்டர். வேண்டுமானால் தடுப்பூசியெல்லாம் முடிந்த, வளர்ந்த நாயாக எடுங்கள் என்றார். நான் காப்பகத்துப் படியேறியது இப்படித்தான். கொள்கை எதுவும் எனக்கு அப்போது கிடையாது.

அங்கே எனக்குக் கிடைத்தவளுக்கு வயது 4 இருக்கும். காப்பகத்துக் கூண்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளை அதற்கு முன் இரண்டு மாதம் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மணி இருந்தார். அவர் சொன்னதுதான் எனக்கு உதவியது. துடைப்பத்தைக் கண்டால் பயப்படுவாள், தூங்கும்போது தொட்டால் உறுமுவாள், தட்டின் பக்கம் கை வைத்தால் ஒன்றும் செய்யமாட்டாள், குழந்தைகள் ஓடினால் பின்னாலேயே ஓடுவாள் ஆனால் கடிக்கமாட்டாள். கெட்டதையும் நல்லதையும் ஒரே குரலில் சொன்னார். அந்தக் குரலை நம்பித்தான் எடுத்தேன். முதல் 3 நாள் கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. 3 மாதம் கழித்து என் செருப்புச் சத்தத்தைத் தெருமுனையிலேயே அடையாளம் கண்டுகொண்டாள். 9 வருடம் இருந்தாள்.

காப்பகத்தில் நாயைப் பார்க்கப் போகும்போது இதை மறக்காதீர்கள். 1997-ல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஹென்னஸியும் அவருடைய குழுவினரும் காப்பகத்து நாய்களின் ரத்தத்தில் கார்டிசால் என்கிற பதற்றச் சுரப்பை அளந்தார்கள். உள்ளே வந்த முதல் 3 நாளில்தான் அது மிக அதிகமாக இருந்தது. கூண்டில் குரைக்கிற நாய் வீட்டில் குரைக்கும் என்றோ, மூலையில் ஒடுங்கியிருப்பது எப்போதும் சாதுவாகவே இருக்கும் என்றோ எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் ஒரு வீட்டில் சில வாரமாவது இருந்து பார்த்த நாயைக் கேளுங்கள் என்கிறேன். 'எங்கே எப்படி வளர்ந்ததோ' என்கிற உங்கள் கணவரின் பயத்துக்கும் இதுதான் மருந்து.

அவர் சொன்ன 'குணம் தெரிந்த இனம்' பற்றியும் சொல்ல வேண்டும். 2022-ல் மரபணு ஆய்வாளர் எலினோர் கார்ல்சன் குழுவினர் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு, பல நாய்களின் மரபணுவையும் படித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் நடத்தையில் இருக்கும் வேறுபாட்டில் இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவீதம்தான். இனம் பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. உருவம், எடை, எறிந்ததைக் கவ்விக்கொண்டு வருகிற ஆசை, வரக்கூடிய நோய்கள் இவற்றில் இனம் நிறையச் சொல்லும். ஆனால் 'லேப்ரடார், அதனால் குழந்தையோடு நன்றாக இருக்கும்' என்பது உத்தரவாதம் இல்லை.

லேப்ரடாரில் உறுதியாகச் சொல்லக்கூடியது வேறு. 8 மாதத்தில் அது 25 கிலோவை நெருங்கும் விடலை. சந்தோஷம் வந்தால் முன்னங்காலைத் தூக்கி ஆள்மேல் வைக்கும். பயிற்சி கொடுத்தால் அடங்கும், ஆனால் முழுதாக அடங்க 2 வயது ஆகலாம். அந்த ஒன்றரை வருடம் உங்கள் மாமியார் எங்கே உட்காருவார்? கணவரோடு உட்கார்ந்து இதைத்தான் முதலில் பேச வேண்டும். பசியும் அப்படித்தான். லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு, பசி அடங்கியதை மூளைக்குச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டே இல்லை என்று 2016-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். பாட்டி மனமிரங்கிக் கொடுக்கும் ஒவ்வொரு துண்டும் அதன் இடுப்பு மூட்டில் போய் உட்காரும்.

இதற்குப் பிறகும் குட்டிதான் வேண்டும் என்றால், பிரீடர் வீட்டுக்கு நேரில் போங்கள். தாய் குட்டிகளோடு இருக்கும்போது பாருங்கள். அந்நியர் வந்ததும் தாய் எப்படி நடந்துகொள்கிறது என்பதை வைத்துக் குட்டியைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்ளலாம். தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே சான்று, கண் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை இவற்றைத் தாளாகவே கேளுங்கள். 'டாக்டர் பார்த்து நல்லா இருக்குன்னு சொன்னார்' என்பது சான்று ஆகாது. இடுப்புக்கு, நாய்களின் மூட்டு எக்ஸ்ரேயைப் பார்த்துச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான ஓ.எஃப்.ஏ. 24 மாதம் ஆன பிறகுதான் இறுதிச் சான்று தருகிறது. பிரிட்டனில் 12 மாதம். ஒரு வயதுகூட ஆகாத தாயைக் காட்டினால் அங்கேயே தெரிந்துவிடும். மரபணுச் சோதனை ஏன் என்றால், சில நோய்களில் தாயும் தகப்பனும் பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே குறை சேரும்போது ஒவ்வொரு குட்டிக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து.

குட்டிகள் எங்கே வளர்கின்றன என்றும் பாருங்கள். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட்டும் ஜான் ஃபுல்லரும் 5 இனங்களைப் பல வருடம் வளர்த்துப் பார்த்து 1965-ல் எழுதியது இன்றும் நிற்கிறது: மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி உலகத்தை 'இது என்னுடையது' என்று ஏற்றுக்கொள்ளும் காலம். 8 வாரத்தில் நீங்கள் எடுத்தால் அதில் 5 வாரம் பிரீடர் கையில் கழிந்திருக்கும். வீட்டுக்கு நடுவில் பாத்திரச் சத்தம், குழந்தை அழுகை, வாசல் மணி எல்லாம் கேட்டு வளர்ந்த குட்டியும், பின்கட்டில் தகரக் கொட்டகையில் வளர்ந்த குட்டியும் ஒன்றாகாது. 8 வாரத்துக்கு முன்னாலேயே கொடுக்கிறேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள். உங்களை ஒரு கேள்விகூடக் கேட்காமல் கொடுப்பவரிடமும்தான்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்றும் சொல்லிவிடுகிறேன். 3 முதல் 5 வயதுக்குள், தத்துப் போகும்வரை நாயைத் தற்காலிகமாக வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு வளர்ப்பு வீட்டில் குழந்தையோடும் முடிந்தால் ஒரு வயதானவரோடும் இருந்து பார்த்த நாயைத் தேடுவேன். அந்த வயதில் அதன் எடை அதுதான், பாயுமா பாயாதா என்பதும் தெரிந்துவிடும். விடுமுறைக்கு இன்னும் காலம் இருக்கிறது, நாத்தனாரையே தேடச் சொல்லுங்கள். 'எதையாவது காப்பாற்றிக் கொடு' என்று சொல்லாதீர்கள், மாமியார் சொன்ன வரியைச் சொல்லுங்கள். உங்கள் மகள் மிகவும் பரிதாபமாக இருக்கும் நாயைத்தான் காட்டுவாள். அது அவளுடைய நல்ல மனசு. ஆனால் 9 வயதுக் குழந்தையும் 74 வயதுப் பெரியவரும் இருக்கும் வீட்டில் பரிதாபத்தை வைத்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. மிகவும் பயந்த நாய்க்குத் தனியாக, அமைதியாக இருப்பவர் ஒருவர் வேண்டும்.

கணவருக்கும் ஒரு வழி இருக்கிறது, பலர் அதைக் கேட்பதே இல்லை. நல்ல பிரீடர்கள் சிலர், ஈற்று எடுப்பதை நிறுத்திவிட்ட 4, 5 வயது நாய்களுக்கு நல்ல வீடு தேடுவார்கள். எக்ஸ்ரே சான்றெல்லாம் இருக்கும், வீட்டுப் பழக்கம் இருக்கும், விடலைத்தனம் முடிந்திருக்கும். குட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், பெரியது ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள்.

எங்கே போனாலும் மாமியாரை அழைத்துக்கொண்டு போங்கள். அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து நாயை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். பத்து நிமிடம் கழித்து அவர் எழுந்து, தன் வேகத்தில், நாலடி நடக்கட்டும். நாயை மட்டும் பார்க்காதீர்கள், அவர் முகத்தையும் பாருங்கள். அந்தத் 'திரும்ப வாங்கிக்கொள்வீர்களா' கேள்வியை அவரே கேட்கட்டும்.

என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.