தலையணையை வைத்தே தொடங்குங்கள், சிஸ்டர்

வணக்கம் சிஸ்டர். எட்டுப் படுக்கை ஐசியு, பயிற்சிப் பொம்மை வாங்கக் காசில்லை, ஒருவருக்கு இதயம் நின்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், இதயத்தை மீண்டும் துடிக்கவைக்கப் போடும் அட்ரினலின் ஊசியை எப்போது போட்டோம் என்றே தெரிவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போதே மனசு கனத்தது. இதெல்லாம் பேச்சில் வருகிற சிக்கல். அதைப் பழக, பொம்மைக்குப் பதில் ஒரு தலையணையே போதும்.

ஷிஃப்ட் மாறும்போது காலிப் படுக்கையில் தலையணையை நோயாளியாக வைத்துப் பத்து நிமிடம் ஒத்திகை செய்யுங்கள். முன்கூட்டியே ஆளுக்கொரு வேலை பிரித்துவிடுங்கள். தலைமை தாங்குபவர் கை வைக்காமல் கால்மாட்டில் நிற்கட்டும். நேரம் எழுத ஒருவர் கட்டாயம் வேண்டும். 2 நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சை அழுத்துபவரை மாற்றச் சொல்வதும் அந்த நேரம் எழுதுபவரே.

"யாராவது அட்ரினலின் போடுங்க" என்றால் யாருமே போடமாட்டார்கள், இல்லையென்றால் இரண்டு பேர் போட்டுவிடுவார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள். "மேரி, அட்ரினலின் 1 மி.கி." "1 மி.கி. போட்டாச்சு டாக்டர், 10:42." முதல் மாதம் இதை மட்டும் பழக்கினாலே போதும்.

ஒத்திகை முடிந்ததும் எல்லாரும் பார்த்ததைச் சொல்லட்டும், டாக்டர் கடைசியாகப் பேசட்டும். எங்கள் வார்டில் உதவியாளர் அக்காதான் சொன்னார், ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறதென்று. அன்றே அதை நூலில் கட்டி சிலிண்டரிலேயே தொங்கவிட்டோம்.

ஒன்றில் மட்டும் கவனம்: பயிற்சி ஊசிகளில் "பயிற்சி" என்று சிவப்பு மையில் எழுதி ஒட்டுங்கள், எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். அவசர மருந்துகள் இருக்கும் டிராலியைச் சரிபார்த்த பிறகே எல்லாரும் கலைந்து போங்கள்.